விசில் மாமா நீந்துகிறார்

"நூறு மீட்டரெல்லாம் வேண்டாம். அம்பது போதும். அந்தக் கோடிக்குப் போய்ட்டு இந்தக் கோடிக்கு வந்துடுங்க," என்றார் மேனேஜர், பக்கத்துக் கடைக்குப் போய்த் தீப்பெட்டி வாங்கிவரச் சொல்வதுபோல.

விசில் மாமா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

மேசைமேல் அன்றைய செய்தித்தாள் விரித்துக் கிடந்தது. ஈரத் தலையும் கழுத்தில் பதக்கமுமாக அதில் சிரித்துக்கொண்டிருந்தவள் மீன்குட்டி. இந்த நீச்சல் குளத்தில் ஊறி வளர்ந்த பெண். பதினேழு வயது. தேசியப் போட்டியில் ஐம்பது மீட்டரில் முதலாவதாக வந்துவிட்டாள். உனக்கு முன்மாதிரி யார் என்று நிருபர் கேட்டதற்கு, பெரிய பெரிய வீரர்களையெல்லாம் விட்டுவிட்டு, "எங்க குளத்து விசில் மாமாதான். அவர் இல்லேன்னா நான் நீச்சலே கத்துக்கிட்டிருக்க மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

அந்த வரியை விசில் மாமா காலையிலிருந்து ஏழு தடவை படித்துவிட்டார். ஏழு தடவையும் கண் கலங்கியது. எட்டாவது தடவை படிக்க உட்கார்ந்தபோதுதான் மேனேஜரிடமிருந்து ஆள் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பாராட்டு விழா. மேயர் வருகிறார். சாம்பியனும் முன்மாதிரியும் ஜோடியாக நீந்துகிறார்கள் என்று நோட்டீஸே அடித்தாகிவிட்டது. அந்தப் பெண் வெளியூரில் பயிற்சியில் இருக்கிறாள், ஞாயிறு காலைதான் வந்து சேருவாள், அவளுக்கு இது இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று மேனேஜர் கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

இதில் ஒரே ஒரு சின்னச் சிக்கல்தான். விசில் மாமாவுக்கு நீச்சல் தெரியாது.

சிரிக்காதீர்கள். அந்த மனுஷர் யாரையும் ஏமாற்றவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் இதே குளத்தின் வாசலில் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். உயிர்காப்பாளராக இருந்த பையன் திடீரென்று வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அப்போதைய மேனேஜர் இவர் கையில் விசிலைக் கொடுத்து, ரெண்டு நாள் அந்த உயரமான நாற்காலியில் சும்மா உட்கார்ந்திரு, ஆள் வந்துவிடும் என்றார். ஆள் வரவில்லை. அந்த மேனேஜரும் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். உமக்கு நீச்சல் தெரியுமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்று சொல்லியிருப்பார். பதினோரு வருஷமாக ஒருவரும் கேட்கவில்லை, அவரும் வலியப் போய்ச் சொல்லவில்லை.

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் குளத்தில் ஒரு குழந்தை ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் கூடுதலாகக் குடித்ததில்லை. கண்ணென்றால் அப்படிப்பட்ட கண். கத்துகிறவனை அவர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சத்தம் நின்றுபோகிறவனைத்தான் பார்ப்பார். தண்ணீரில் நிஜமாக ஆபத்தில் இருக்கிறவன் கத்துவதில்லை என்று அவருக்குத் தெரியும். குட்டி விசில் என்றால் ஓடாதே. நீட்டு விசில் என்றால் எல்லோரும் சுவரோரம், அவர் விரல் காட்டும் இடத்துக்கு நன்றாக நீந்துகிற ஆள் பாய வேண்டும், அவர் நீளக் கம்பை நீட்டுவார். பதினோரு வருஷமும் இந்தச் சட்டம் பிசகாமல் ஓடியிருக்கிறது.

மீன்குட்டி விஷயத்தில் அவருக்கு ஒரு தனிப் பெருமை உண்டு. ஏழு வயதில் வந்தபோது அவளுக்குத் தண்ணீரைக் கண்டாலே நடுக்கம். ஒரு மாதம் படியில் உட்கார்ந்து அழுதாள், ஒரு விரலை நனைக்கவில்லை. அவளுடைய அம்மா ஆஸ்பத்திரி நர்ஸ்; வேலை முடிந்து மகளைக் கூட்டிவந்து, கரையிலுள்ள பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார். ஒருநாள் விசில் மாமா நாற்காலியிலிருந்து இறங்கி, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து அந்தக் குழந்தையிடம் போனார். "நான் இருக்கேன்ல, பயப்படாம இறங்கு கண்ணு," என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள். மறுநாள் குதித்துவிட்டாள்.

அன்றிலிருந்து அவருடைய நாற்காலிக்கு நேர் கீழே இருக்கும் கடைசி லேன்தான் அவளுக்கு. வேறு லேன் காலியாக இருந்தாலும் போகமாட்டாள். பயிற்சியாளர் தலைகீழாக நின்று பார்த்தார், நீண்ட தூரம் நீந்தமாட்டேன், வேகமாகத்தான் நீந்துவேன் என்று அடம்பிடித்தாள். சாயங்காலம் விசில் மாமா நாற்காலியை விட்டு இறங்கி அறைக்குள் போகும்வரை அவள் கரையேறவும் மாட்டாள். எவ்வளவு மரியாதை பாருங்கள் என்று அவர் மனைவியிடம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப்போவார்.

இப்பேர்ப்பட்ட பெண்ணின் முன்னால் ஞாயிற்றுக்கிழமை கல்லைப்போல மூழ்க வேண்டுமா?

திங்கட்கிழமை அவர் மேனேஜரிடம், காதில் வலி, தண்ணீர் போகக்கூடாது என்று சொல்லிப் பார்த்தார். சொன்ன நேரம் சரியில்லை. தினமும் காலையில் நீந்த வரும் காது டாக்டர் அப்போதுதான் துண்டோடு உள்ளே நுழைந்தார். அங்கேயே தலையைச் சாய்க்கச் சொல்லி விளக்கடித்துப் பார்த்து, இந்த வயசில் இப்படி ஒரு காதை நான் பார்த்ததேயில்லை என்று சான்று கொடுத்தார். போதாக்குறைக்கு, காதடைப்பானும் நீச்சல் தொப்பியும் பரிசாக வாங்கிக்கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை, தண்ணீர் ஒரு மாதிரி வாடை அடிக்கிறது, மேயர் வரும் நேரத்தில் கெட்டபெயர் வேண்டாம், மாற்றிவிடலாம் என்றார். குளத்தைக் காலி செய்து மறுபடி நிரப்ப ஒரு வாரம் ஆகும் என்பது அவர் கணக்கு. அவருடைய பொறுப்புணர்ச்சியில் மேனேஜர் உருகிப்போனார். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டார். அவர்கள் பெரிய குழாய்களோடு வந்து இரண்டே நாளில் நிரப்பிக்கொடுத்துவிட்டார்கள், வழக்கத்தைவிட நாலு விரல் கூடுதலாக. நன்றிக்கடனாகத் தீயணைப்பு வீரர்கள் அத்தனை பேருக்கும் முன்வரிசையில் நாற்காலி ஒதுக்கப்பட்டது.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் விசில் மாமா மனைவியைக் கூட்டிக்கொண்டு குளத்துக்குப் போனார். ரெண்டு நாளில் நீச்சல் கற்றுக்கொள்வது என்று முடிவு. மனைவி கையோடு துணி உலர்த்தும் கொடியைக் கொண்டுவந்திருந்தாள். அதை அவர் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள்.

"ஏங்க, மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிட்டா என்ன? கழுத்தையா வாங்கிடுவாரு?"

"மேனேஜர்கிட்ட சொல்லிடலாம். மேயர்கிட்டகூடச் சொல்லிடலாம். வேலை போனா சைக்கிள் ஸ்டாண்ட் இருக்கு." அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நடுங்கிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணுகிட்ட எப்படிடி சொல்றது? பத்து வருஷமா என்னை நம்பித்தானே அவ தண்ணியில இறங்கறா?"

சொல்லிவிட்டு ஒரு எட்டு எடுத்துவைத்தார். கால் வழுக்கியது. அதற்குப் பிறகு கையும் காலும் தொப்பியும் மட்டும் மாறி மாறித் தெரிந்தன. மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு கொடியை இழுத்து, ஒருவழியாக அவரைப் படியில் கொண்டுவந்து சேர்த்தாள்.

பின்னால் கைதட்டல் கேட்டது. காலை உடற்பயிற்சி வகுப்புக்கு வந்த பெண்கள் பன்னிரண்டு பேர், வரிசையாக நின்று ரசித்திருக்கிறார்கள். விழாவுக்கு ஒத்திகை என்று நினைத்துவிட்டார்கள். மூழ்குகிற மாதிரி என்ன தத்ரூபமாக நடிக்கிறார் என்று ஒருத்தி வியந்தாள். நேராக மேனேஜரிடம் போய்ச் சொல்லியும் விட்டாள்.

மேனேஜர் மத்தியானமே புது நோட்டீஸ் அடித்துவிட்டார். ஜோடி நீச்சலுக்கு முன்னால் உயிர்காக்கும் செயல்விளக்கம்.

"யார் சார் மூழ்கப் போறது?" என்று விசில் மாமா ஈனசுரத்தில் கேட்டார்.

"நானேதான்."

"உங்களுக்கு நீச்சல் தெரியுமா சார்?"

"தெரியாது. தெரிஞ்சவன் எப்படிங்க மூழ்க முடியும்?" மேனேஜர் அவர் தோளைத் தட்டினார். "நீங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"

மேனேஜரின் எடை நூறு கிலோவுக்கு ஒரு வாழைப்பழம் கூடவோ குறையவோ இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மேயர் வந்தார், தீயணைப்பு வீரர்கள் வந்தார்கள், காது டாக்டர் குடும்பத்தோடு வந்தார். விசில் மாமா தொப்பியும் அரைக்கால் சட்டையுமாகக் குளத்தின் ஆழமான பக்கத்தில், கைப்பிடிக் கம்பியோடு கம்பியாக நின்றார். மீன்குட்டி வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது, அவள் காறித் துப்பினாலும் சரி என்று தீர்மானம்.

மீன்குட்டி அம்மாவோடு நேரே ரயிலடியிலிருந்து வந்தாள். வாசலில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் படித்தாள். முகம் மாறியது. யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லவில்லை. பையை அம்மாவிடம் போட்டுவிட்டு, மேலே போட்டிருந்த டிராக் சூட்டைக் கழற்றிக்கொண்டே ஓடிவந்து, விசில் மாமாவுக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். என்னோடு நீந்த எவ்வளவு ஆசை இந்தக் குழந்தைக்கு என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"கண்ணு, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லுங்க மாமா. முதல்ல ரெண்டடி பின்னால வாங்க."

அதற்குள் மேனேஜர் ஒலிபெருக்கியில் தன்னைத்தானே அறிமுகப்படுத்திக்கொண்டு, கோட்டோடும் பூட்ஸோடும் ஆழத்தில் குதித்துவிட்டார்.

தண்ணீர் மேயரின் மடிவரை தெறித்தது. மேனேஜர் மேலே வந்தார். கையை வீசி, "காப்பாத்துங்க" என்று நாடக பாணியில் கத்தினார். கூட்டம் சிரித்தது, கைதட்டியது. மறுபடி மூழ்கி மேலே வந்தார். இந்த முறை கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

கூட்டம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தது. தீயணைப்பு வீரர்களும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே ஒரு ஆள் சிரிக்கவில்லை. விசில் மாமாவுக்குப் பயமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. நீட்டு விசில் ஒன்று கிளம்பியது. விரல் நீண்டது. விரல் நீண்ட திசையில் மீன்குட்டி அம்பாகப் பாய்ந்தாள். நாலே வீச்சில் மேனேஜரின் காலரைப் பிடித்தாள். விசில் மாமா ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி மறு கையால் கம்பை நீட்டினார். ரெண்டு பேருமாக நூறு கிலோவையும் கரையில் ஏற்றிப் போட்டார்கள்.

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. இவ்வளவு இயல்பான செயல்விளக்கத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை என்றார் மேயர். மேனேஜர் இருமிய இருமலைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு இது போதும், ஜோடி நீச்சல் வேண்டாம் என்று காது டாக்டரும் சொல்லிவிட்டார்.

தப்பித்தாயிற்று. ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம்.

மேயர் பொன்னாடையைக் கையில் எடுத்தார். "இந்தச் சாம்பியனுக்கு நீச்சலைக் கத்துக்கொடுத்த மகானுக்கு..." என்று ஆரம்பித்தார். பக்கத்தில் மீன்குட்டி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றாள். தன் பதக்கத்தைக் கழற்றி விசில் மாமாவின் கழுத்தில் போட்டாள். அது மார்பில் பட்டதும் அவருக்குத் தாங்கவில்லை. மேயரிடமிருந்து ஒலிபெருக்கியை வாங்கினார்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்க."

கைதட்டல் அப்படியே நின்றது. அவர் தொப்பியைக் கழற்றினார். பதினோரு வருஷமாகத் தெரியாது, ஒரு நாளும் இடுப்புக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை, யாருக்கும் எதையும் கற்றுக்கொடுத்ததில்லை, பார்த்துக்கொண்டிருந்தது மட்டும்தான் தன் வேலை என்று ஒன்றுவிடாமல் சொன்னார். துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த மேனேஜர், "அப்ப நான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார்.

விசில் மாமா யாரையும் பார்க்கவில்லை. மீன்குட்டியைத்தான் பார்த்தார். "நீ என்னை நம்பி இறங்கினே கண்ணு. அது தப்பு. மன்னிச்சுக்கோ," என்றார்.

மீன்குட்டி கையும் களவுமாகப் பிடிபட்டவள்போலக் குனிந்து தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெஞ்சில் மகளின் பையைக் கட்டிக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்த அவள் அம்மா கண்ணைத் திறந்தார். இதற்குப் போயா இவ்வளவு அமளி என்பதுபோல ஒரு கொட்டாவி விட்டார்.

"அது அவளுக்கு ஏழு வயசுலேயே தெரியுமே அண்ணே. 'மாமாவுக்கு நீச்சல் தெரியாதும்மா, அவர் விழுந்துட்டா யார் எடுக்குறது'ன்னு சொல்லித்தானே அன்னைக்கு அவ தண்ணியிலயே குதிச்சா."