சுண்டெலி மருதாயி புற்றுக்குக் குடிபோன கதை

ஒரு காட்டில் ஒரு சிங்கம் இருந்தது. இந்தக் கதையில் அதற்கு வேலை ஒன்றும் இல்லை. உத்தரவு போட்டதோடு சரி, போய்ப் படுத்துவிட்டது. அந்த உத்தரவு மற்றவர்களுக்கு வைத்த வேலைதான் கதை.

உத்தரவு என்னவென்றால், ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வீடு கேட்கிறவர்களுக்கெல்லாம் வீடு கொடுக்க வேண்டும். ஆனால் ஆளைப் பார்த்துக் கொடுக்கக் கூடாது. மூஞ்சியைப் பார்த்துக் கொடுத்தால் வேண்டியவர், வேண்டாதவர் என்று வந்துவிடுமாம். ஆகையால் உடம்புக்குள் இருக்கும் புரதத்தைப் பார்த்து, இன்னார் இன்ன இனம் என்று மிஷின் சொன்ன பிறகுதான் கொடுக்க வேண்டும்.

புரதம் என்றால் துவரம்பருப்பில் இருப்பது என்ற அளவுக்குத்தான் காட்டில் எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் வீடு என்றதும் வரிசை ஓடை வரைக்கும் நின்றது.

அந்த வரிசையில் சுண்டெலி மருதாயியும் நின்றாள். முதுகில் இரண்டு பிள்ளைகள், காலடியில் நான்கு, கடைக்குட்டி அவள் வாலைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு. புருஷன் இல்லை. மசால்வடை வாசனை வருகிறது, பார்த்துவிட்டு வருகிறேன் என்று எலிப்பொறிக்குள் போனவன்தான். அவள் குடியிருந்த வளை பள்ளத்தில். போன மழைக்குத் தண்ணீர் ஏறி, பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு விடிய விடிய ஒரு முள்செடியில் உட்கார்ந்திருந்தாள். இந்த மழைக்கும் அப்படி உட்கார முடியாது. அந்த முள்செடியை ஆடு தின்றுவிட்டது. மேட்டில் ஒரு வீடு கிடைத்தால்தான் ஏழும் பிழைக்கும்.

பக்கத்தில் அவள் ஓரகத்தி கனகு நின்றாள். கனகுக்கு எலிமேட்டில் சொந்த வளை உண்டு. வரிசை என்று ஒன்று இருந்தால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்காது.

"ஏக்கா, என்னைப் பாத்தா எலின்னு தெரியலையா? இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய மிஷினு?" என்றாள் மருதாயி.

"உனக்கென்னடி தெரியும்? கண்ணு பொய் சொல்லும். மிஷின் சொல்லுமா?"

மிஷின் ஒரு பம்ப்செட் மோட்டார் அளவுக்கு இருந்தது. அதன் வாயில் ஒரு சொட்டு எச்சில் துப்ப வேண்டும். உள்ளே கடகடவென்று சுற்றும். பிறகு, 'இது இன்னார் மாதிரி' என்று திரையில் எழுத்து வரும். மிஷினுக்குப் பொறுப்பு நாரை. மூக்கைவிட நீளமான படிப்பு. பக்கத்தில் முத்திரை குத்த ஒரு ஓணான். நாரை என்ன சொன்னாலும் ஓணான் தலையாட்டும், சொல்லாவிட்டாலும் ஆட்டும்.

மருதாயிக்கு முன்னால் முயல் துப்பியது. 'அணில் மாதிரி' என்று வந்தது. அடுத்து அணில் துப்பியது. 'முயல் மாதிரி' என்று வந்தது. முயலுக்கு மரப்பொந்து கொடுத்தார்கள், அணிலுக்குக் குழி கொடுத்தார்கள். முயல் இன்றைக்கும் அந்த மரத்தடியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறது.

மருதாயி முறை வந்தது. துப்பினாள். மிஷின் சுற்றியது. நாரை திரையைப் பார்த்தார். ஒரு காலை மாற்றி மறு காலில் நின்று மறுபடி பார்த்தார்.

"ஏம்மா, உன் எச்சில்ல ஒரு புரதம் இருக்கு. புரதம்ங்கிறது நீளமான நூல். அது சும்மா கிடக்காது. அங்கங்கே சுருண்டு மடிஞ்சு, கொத்துக் கொத்தா நிக்கும். கதம்பம் தெரியுமில்ல? ஒரே நாருல இங்க ஒரு கொத்து மல்லி, அங்க ஒரு கொத்து மரிக்கொழுந்து. அது மாதிரி. இந்தக் கொத்துக்கு டொமைன்னு பேரு. ஒரு கொத்து பிடிக்கும், ஒரு கொத்து ஒட்டும், ஒரு கொத்து வெட்டும். கொத்து எப்படி மடிஞ்சிருக்குன்னு பாத்தா அதோட வேலை என்னன்னு சொல்லிடலாம்."

"சரிங்கய்யா. எனக்கு மேட்டுல ஒரு வளை..."

"உங்கிட்ட இருக்கிறது வெட்டுற கொத்து. இதே மடிப்பு வேற எங்க இருக்கு தெரியுமா? நல்லபாம்போட விஷத்துல."

வரிசை மொத்தமும் பின்னால் துள்ளியது.

"ஐயா, நான் கொறிச்ச நெல்லு நனையணும்னு சுரக்கிற எச்சிங்க அது!" என்றாள் மருதாயி. "அருவாமனையும் வெட்டுது, கசாப்புக் கத்தியும் வெட்டுது. அதுக்காக வெண்டைக்காய் நறுக்கிறவளைப் போயி கசாப்புக்காரின்னு சொல்வீங்களா?"

நாரை கண்ணை மூடி யோசித்தார். "ரெண்டும் வெட்டுதில்ல?"

"வெட்டுது."

"அப்போ ரெண்டும் ஒரே இனம்தான். நல்ல உதாரணமாச் சொன்னே. நான் நாளைக்குப் பேசுறப்ப சேத்துக்கிறேன்."

ஓணான் தலையாட்டி முத்திரை குத்தியது. மருதாயி கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. 'பாம்பு. விஷமுள்ளது. கோயில் புற்று.'

கனகு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தின கைக்குள்ளிருந்தே பேச்சு வந்தது. "அப்பவே நெனச்சேன்! என் கொழுந்தன் வடையால செத்தானா, இவ விஷத்தால செத்தானா, யாரு கண்டா!"

"அக்கா, உன் கல்யாணத்துக்கு நான்தானே உனக்குத் தலை பின்னி விட்டேன்!"

"கிட்ட வராதடி! பேசுறப்ப தெறிக்குது!"

அதுவரை அந்தக் கோயில் புற்றில் குடியிருந்தவர் அடுத்து வந்தார். நல்லபாம்பு நாகமாணிக்கம். வீடு மாற்றம் கேட்டு வந்திருந்தார்.

"வெள்ளிக்கிழமையானா பாலை ஊத்திடுறாங்கய்யா. எனக்குப் பால் சேராது. எங்கயாவது நாலு சனம் உள்ள தெருவாப் பாத்துக் குடுங்க" என்றார் பணிவாக.

துப்பினார். மிஷின் சுற்றியது. 'சுண்டெலி மாதிரி' என்று வந்தது. இரண்டு பேரிடமும் இருப்பது ஒரே மடிப்பு. இவளுக்கு அவரைக் காட்டிய மிஷின் அவருக்கு இவளைக் காட்டியது. அவ்வளவுதான்.

நாகமாணிக்கம் படத்தை மடக்கிக்கொண்டு கண் கலங்கினார். "சின்ன வயசுலேர்ந்தே எனக்குள்ள ஒரு எலி இருக்குன்னு தோணிட்டேதாங்க இருந்துச்சு."

'எலி. சாது. எலிமேடு' என்று அட்டை தொங்கவிட்டார்கள். கனகுதான் முதலில் போய் வழி காட்டினாள். "வாங்கண்ணே, நம்ம பக்கத்து வளை காலியாத்தான் இருக்கு. பிள்ளைங்கள்லாம் ஒரே விளையாட்டு, உங்களுக்குத் தொந்தரவா இருக்குமோ என்னமோ."

"குழந்தைங்கன்னா எனக்கு உசிருங்க" என்றார் நாகமாணிக்கம்.

மருதாயி அழுதுகொண்டேதான் புற்றுக்குள் போனாள். போன பிறகு அழுகை நின்றுவிட்டது. அப்படி ஒரு வீட்டை அவள் பார்த்ததில்லை. உயரம். உள்ளே அறை அறையாக. ஐப்பசி மழை நாள் கணக்கில் கொட்டியது. ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. வெள்ளிக்கிழமை ஊர்ப் பெண்கள் வந்தார்கள். மஞ்சள் தெளித்து, பாலை ஊற்றி, முட்டையை வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். கண்ணைத் திறப்பதற்குள் கடைக்குட்டி முட்டையை உள்ளே உருட்டிவிட்டான். "கண்ணெதிர்லயே எடுத்துக்கிச்சுடி ஆத்தா!" என்று ஒருத்திக்கு மெய்சிலிர்த்தது. அடுத்த வெள்ளிக்குக் கூட்டம் இரட்டிப்பாக வந்தது.

பூனை ஒன்று மோப்பம் பிடித்து வந்தது. அட்டையைப் படித்தது, வந்த வேலையை மறந்தது.

பிள்ளைகள் கன்னம் உப்பித் திரிந்தன. ஆனால் மருதாயியின் காது மட்டும் வெளியிலேயே இருந்தது. எலிமேட்டில் சாயங்காலமானால் பிள்ளைகள் போடும் கூச்சல் புற்று வரைக்கும் கேட்கும். அது வரவரக் குறைந்தது. அப்புறம் ஒரு சாயங்காலம் தவளைச் சத்தம் மட்டும் கேட்டது.

மறுநாள் காலையில் ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நாரையிடம் போனாள்.

"ஐயா, எலிமேட்டுல பாம்பு இருக்கு."

"எலிமேட்டுல எப்படிம்மா பாம்பு இருக்கும்? அங்க இருக்கிறவங்க எல்லாரும் எலி. அட்டையிலயே இருக்கே."

"எலிங்க காணாமப் போகுதுங்கய்யா!"

"புகார் ஒண்ணும் வரலையே."

"புகார் குடுக்க வேண்டியவங்களைத்தானே அவரு முழுங்கிட்டாரு!"

"பாத்தியா, நீயே ஒத்துக்கிறே. அந்தத் தெருவுல ஒரு குறையும் இல்லை." நாரை அலகை இறகில் துடைத்துக்கொண்டார். "அதுவுமில்லாம எலிங்க விஷயத்துல ஒரு பாம்பு தலையிடுறது எனக்குச் சரியாப் படலை."

"நான் பாம்பு இல்லைங்கய்யா!" மருதாயிக்குக் குரல் கிறீச்சென்று வந்தது. எலிக் குரல். ஓணான்கூட ஒரு நிமிடம் தலையாட்டாமல் நின்றது.

நாரை அவளை முதல்முறையாகக் கண்ணால் பார்த்தார். காது, வால், மீசை எல்லாவற்றையும் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"சரிம்மா. பிடிவாதக்காரி நீ. நான் ஒண்ணு செய்யறேன். நீ எலிதான்னு இப்பவே எழுதிடுறேன். அட்டையை மாத்திடுறேன். மிஷின் தப்புன்னுகூட ஒத்துக்கிறேன்."

மருதாயிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. "நல்லா இருப்பீங்கய்யா! அப்போ நாகமாணிக்கத்தை?"

"அவரு எதுவும் கேக்கலையே. சந்தோஷமா இருக்காரு. அவரை எதுக்குக் கிளப்பணும்? உன்னை மட்டும் எலிமேட்டுக்கு மாத்திடுறேன். அவருக்குப் பக்கத்து வளைங்க எல்லாம் இப்ப காலியாத்தான் இருக்கு. இன்னிக்குச் சாயங்காலமே குடிபோயிடலாம்."

ஓணான் முத்திரையை எடுத்து மையில் தொட்டது.

மருதாயி திரும்பிப் பார்த்தாள். ஏழும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. பால் குடித்துக் குடித்து உருண்டு திரண்டு, பார்த்தால் கொழுக்கட்டை மாதிரி இருந்தன. கடைக்குட்டி வாலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நாம எலின்னு சொல்லிட்டாங்களா?" என்றான் ஆசையாக.

மருதாயி முன்னங்காலை ஊன்றினாள். காது இரண்டையும் பின்னால் ஒட்டினாள். இருக்கிற மூச்சையெல்லாம் இழுத்து, இரண்டே இரண்டு பல்லைக் காட்டி,

"ஸ்ஸ்ஸ்ஸ்!" என்றாள்.

நாரை ஒரு காலிலிருந்து இரண்டு காலுக்கு வந்துவிட்டார். "பாத்தியா! நான் சொன்னேனா இல்லையா! கொத்து பொய் சொல்லாது!" என்று துள்ளினார். ஓணான் தலை கழன்றுவிடுகிற மாதிரி ஆட்டியது.

திரும்பும் வழியில் மருதாயி எலிமேட்டுக்குப் போனாள். நாகமாணிக்கம் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று வளைக்கு நீளமாகப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கனகு தன் வளைக்குள் ஒரே ஒரு பெண் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கிளம்பு."

"பாம்பு வீட்டுக்கா?"

"அந்த வீட்ல பாம்பு இல்லக்கா. இங்கதான் இருக்கு. உன் பெரியவன் எங்க?"

"அண்ணன்தான் ஹாஸ்டல்ல சேக்கிறேன்னு கூட்டிட்டுப் போனாரு. நல்லாப் படிக்கிறவன்னு சொன்னாரு." கனகு மடியில் இருந்ததை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். "சின்னவனையும் சேத்துட்டேன்னாரு."

மருதாயி கனகின் மடியிலிருந்து பிள்ளையைக் கவ்விக்கொண்டு நடந்தாள். கனகு பின்னாலேயே வந்தாள். அவளைப் பார்த்து மிச்சமிருந்த இன்னும் சில எலிகளும் வந்தன. புற்று வாசலில் மருதாயி எல்லாரையும் நிறுத்தினாள்.

"உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு. எல்லாரும் ஸ்ஸ்னு சொல்லுங்க. கீச்சுன்னு வந்தா உள்ள விட மாட்டேன். ஏக்கா, நீயும்தான்."

கனகுக்குத்தான் முதல் தடவையே சரியாக வந்தது. பழக்கம்.

எலிமேடு காலியாயிற்று. நாகமாணிக்கத்துக்கு வயிறு ஒட்டியது. நாரையிடம் போய்ப் பழைய புற்றையே கேட்டார். "நீங்க எலியாச்சே. புற்று பாம்புங்களுக்கு மட்டும்தான்" என்றார் நாரை. பசி தாங்காமல் நாகமாணிக்கம் ஒருநாள் புற்றுக்கே வந்துவிட்டார். உள்ளேயிருந்து ஒரே நேரத்தில் ஊரே சீறுகிற மாதிரி சத்தம் வந்தது. வாசலில் நாரை வைத்த புதுப் பலகை: 'விஷப்பாம்புகள் வாழும் இடம். எலிகள் நெருங்க வேண்டாம்.' நாகமாணிக்கம் பலகையைப் பார்த்தார். தன் கழுத்து அட்டையைப் பார்த்தார். இத்தனை நாள் இந்த அட்டையால்தானே வயிறு வளர்த்தார்? இன்றைக்கு அதை நம்பாமல் போனால் எப்படி? பயந்து திரும்பிப் போய்விட்டார்.

காட்டில் பாம்புகள் பெருகிவிட்டதாகவும், எலி ஒன்றே ஒன்றுதான் மிச்சம், அதுவும் இளைத்துவிட்டதாகவும் நாரை சிங்கத்திடம் சொன்னார். மிஷினால்தான் இது தெரிய வந்தது என்று சிங்கம் தூக்கத்திலேயே அவருக்கு ஒரு மாலை போடச் சொன்னது. கதம்ப மாலை.

அன்று சாயங்காலம் கடைக்குட்டி முட்டை ஓட்டை நக்கிக்கொண்டே கேட்டான். "அம்மா, நெசமா சொல்லு. நாம எலியா, பாம்பா?"

"கேக்கிறது யாருன்னு பாத்துட்டுச் சொல்லு" என்றாள் மருதாயி.

நீதி: உண்மையைச் சொல்லுமுன், அது உங்களுக்கு எந்தத் தெருவில் வீடு ஒதுக்கும் என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.