வீதியை வெட்டப்போய் நான் காலமான கதை

நான் ஒருமுறை செத்திருக்கிறேன். நெடுநேரம் அல்ல; ஒரு வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணியிலிருந்து பின்னேரம் நாலு மணிவரைக்கும்தான். அதிலும் பெரும்பகுதி நேரம் எனக்கே தெரியாமல் செத்திருந்தேன்.

பிள்ளைகளே, அன்றைக்கு நீங்கள் இருவரும் பள்ளிக்கூடத்தில். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நேரில் பார்த்ததுபோல இந்தக் கதையைச் சொல்லுகிறீர்கள். (சின்னவள் சொல்லும்போது பறைமேளமும் அடிக்கிறது. பறைமேளம் வரவில்லை.) ஆகவே நடந்ததை நானே எழுதிவைக்கிறேன். பத்தாம் வகுப்போடு வாழைத்தோட்டத்தில் இறங்கியவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் பெரியவள் திருத்தட்டும். கதையைத் திருத்த வேண்டாம்.

நீர்வேலியில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாழைக்கு நல்லது, மனிதருக்கு அவ்வளவில்லை. கேத்திலின் அடியில் சுண்ணாம்பு படைபடையாக ஒட்டியிருக்கும். குடிக்கிற தண்ணீருக்காக உங்கள் அம்மா ஒவ்வொரு பின்னேரமும் சைக்கிளில் இரண்டு தண்ணீர்க் கான் கட்டிக்கொண்டு சந்தித் தண்ணீர்த் தாங்கிக்குப் போவாள். வலது தோள் வலிக்கத் தொடங்கி, சீப்பால் தலை இழுக்கக்கூடக் கையை உயர்த்த முடியாமல் போய்விட்டது. அப்போதுதான் குழாய்த் தண்ணீர் ஊருக்கு வந்தது. வந்த குழாய் வீதியின் அந்தப் பக்கத்தால் போனது. எங்கள் வீடு இந்தப் பக்கம். நடுவில் பிரதேச சபையின் தார் வீதி.

"மலர், இனி நீ கான் தூக்கத் தேவையில்லை. நான் அனுமதி எடுத்து வீதியை வெட்டுறன்" என்று சொல்லிவிட்டேன். வீரமாகச் சொன்னேன். அனுமதி என்றால் என்னவென்று தெரியாதவனுக்கு வீரம் கொஞ்சம் கூடத்தான்.

சபைக் கந்தோருக்கு, அதுதான் அலுவலகத்துக்கு, நாலு தரம் நடந்தேன். விண்ணப்பத்தோடு வீதியின் வரைபடம் ஒன்று வேண்டும் என்றார்கள். ஒன்றும் விட்டுவிடக்கூடாது என்று வீதி, மதகு, வேலி, வேலியில் கட்டியிருந்த எங்கள் ஆடு எல்லாவற்றையும் வரைந்து கொடுத்தேன். கந்தோரில் இருந்த எழுத்தர்த் தங்கச்சி நெடுநேரம் பார்த்தாள்.

"அண்ணை, ஆடு தேவையில்லை. அகலம் எத்தினை மீற்றர் எண்டு போடுங்கோ."

கடைசியில் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும், பின்னேரம் நாலு மணிவரை வெட்டலாம். சபையின் தொழில்நுட்ப உத்தியோகத்தர், எல்லாரும் ரி.ஓ ஐயா என்று சொல்லுகிறவர், வந்து வெட்டிய கிடங்கின் ஆழத்தைப் பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகே மூடவேண்டும். அந்தக் கையெழுத்து இருந்தால்தான் திங்கட்கிழமை இணைப்புக் கொடுக்க வருவார்கள். தவறினால் மாரிமழை முடிந்த பிறகுதான். இன்னொரு வரியும் இருந்தது: தூரத்திலேயே தெரியும்படி இரு பக்கமும் கொடிகள் கட்டி எச்சரிக்கை செய்யவேண்டும்.

அழிவு அந்த வரியில்தான் இருந்தது.

"சிவப்புக் கட்டுங்கோப்பா. வீதி வெட்டிற இடத்திலை சிவப்புத்தானே கட்டுறவை" என்றாள் உங்கள் அம்மா.

"உனக்கு அரசியல் விளங்காது. இப்ப எலக்சன் நேரம். சிவப்பைக் கட்டினால் நான் எந்தக் கட்சியெண்டு சனம் கேக்கும். வெள்ளைக்குக் கட்சியில்லை."

என் பழைய வேட்டி இரண்டைக் கிழித்து, மின்கம்பத்திலிருந்து எங்கள் வாசல் படலைவரை வெள்ளைக் கொடியாகக் கட்டினேன். (எங்கள் பக்கத்தில் வீதியிலிருந்து வாசல்வரை வெள்ளைக் கொடி கட்டினால் அதற்கு ஒரேயொரு அர்த்தம்தான்: செத்த வீடு. பிறந்த நாள்முதல் பார்த்து வந்தவன். அன்றைக்கு மட்டும் அது என் மண்டையில் ஏறவில்லை.) அது போதாதென்று, என்னோடு கூலிக்கு வேலை செய்கிற இரண்டு பேருக்கும் வெயில் படாமல் படலையடியில் ஒரு தறப்பாள் கட்டினேன். வாகனங்களை மறிக்கச் சனசமூக நிலையத்தில் இருபது கதிரை வாங்கி வந்து வரிசையாக வைத்தேன். எட்டி நின்று பார்த்தேன். வடிவாகத்தான் இருந்தது.

முதலில் வந்தவர் அடுத்த ஒழுங்கைக் கந்தையா அண்ணை. தூரத்திலேயே சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு வந்தார். தலையைக் குனிந்தபடி ஒரு கதிரையை இழுத்துத் தறப்பாளின் கீழ் போட்டு இருந்தார். பிறகு இன்னும் மூன்று பேர். பிறகு ஆறு பேர். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. செத்த வீட்டில் வந்தவுடன் ஆர், எப்படி என்று கேட்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. மற்றவனுக்குத் தெரியும் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டு இருந்தார்கள். நானோ இடுப்பளவு கிடங்குக்குள், முகமெல்லாம் வெள்ளைக்கல் தூள், தலையில் துவாய். என்னை ஒரு கூலியாள் என்றே நினைத்திருக்கிறார்கள். என் குழாய் வேலையைப் பார்க்க ஊரே திரண்டுவிட்டது என்று எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

மத்தியானம், கூலியாட்கள் இருவரும் சாப்பிடப் போன நேரம், குழாய் மூட்டு ஒன்று குறைந்தது. வாங்கிவரச் சந்திக் கடைக்குப் போனேன். ரி.ஓ ஐயா அந்த நேரம் பார்த்து வந்திருக்கிறார். கொடியைக் கண்டதும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, தலைக்கவசத்தைக் கழற்றி, கந்தையா அண்ணையிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்.

"ஆர் ஐயா?"

கந்தையா அண்ணை சுற்றிப் பார்த்திருக்கிறார். வீட்டுக்காரனைக் காணவில்லை. கணக்குச் சரியாக வந்திருக்கிறது.

"இந்த வீட்டுக்காரத் தம்பிதான். தவராசா."

"ஐயோ, முந்தநாள்தானே என்னட்டைக் கடிதம் வாங்கினவர்!" என்று சொல்லி, ஆழம் பார்க்காமலே ரி.ஓ ஐயா திரும்பிப் போய்விட்டார்.

அதே நேரம் கந்தையா அண்ணையின் மனைவி பாக்கியக்கா ஒரு வாளி தேத்தண்ணியோடு குசினிக்குள் போய் உங்கள் அம்மாவைக் கட்டிப்பிடித்தார். "ஐயோ மலர்! உன்னைத் தனிய விட்டிட்டுப் போட்டாரே!"

"ஓமக்கா, சந்திக்குத்தான் போனவர். இப்ப வந்திடுவார்."

பாக்கியக்காவுக்கு அழுகை நின்றுவிட்டது.

நான் மூட்டோடு வந்து சைக்கிளால் இறங்கியபோது கதிரையில் இருந்தவர்கள் எல்லாரும் ஒன்றாக எழும்பினார்கள். உங்கள் அம்மா படலையில் நின்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

"நான் சிவப்புக் கட்டச் சொன்னனான்" என்றாள். அவ்வளவுதான்.

"தம்பி, நீ... இருக்கிறியோ?" என்றார் கந்தையா அண்ணை.

"இருக்கிறன் அண்ணை."

"நாசமாப் போச்சு. ரி.ஓவிட்டை நீ செத்துப் போட்டாய் எண்டெல்லோ சொல்லிப்போட்டன்!"

மணி இரண்டரை. நாலு மணிக்குள் கிடங்கு மூடாவிட்டால் அனுமதி முடிந்தது. தண்ணீர் மாரிக்குப் பிறகு. உங்கள் அம்மாவின் தோள் அதுவரை அப்படியே. குழாய் மூட்டைக் கூலியாட்களிடம் பூட்டக் கொடுத்துவிட்டு, முகம் கழுவக்கூட நினைவில்லாமல் சைக்கிளை மிதித்தேன். அதற்குள் ஆரோ செய்தி சொல்லி, வழியில் கனடாவிலிருந்து உங்கள் சித்தப்பா என் கைபேசிக்கு எடுத்தார். "அண்ணி, அண்ணைக்கு என்ன நடந்தது?" என்று விம்மினார்.

"டேய், அண்ணைதான் கதைக்கிறன்."

அந்தப் பக்கம் கைபேசி விழுந்த சத்தம். பிறகு தொடர்பு இல்லை.

கந்தோரில் ரி.ஓ ஐயா என் வெள்ளைமுகத்தைக் கண்டு கதிரையோடு பின்னால் போனார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, என் விண்ணப்பக் கோவையைத் திறந்து காட்டினார். அதில், "விண்ணப்பதாரர் காலமாகிவிட்டார். வேலை நிறுத்தப்பட்டது" என்று எழுதி, கையெழுத்தும் வைத்திருந்தார்.

"அதை வெட்டிவிடுங்கோ ஐயா."

"கோவையிலை எழுதினதை வெட்டேலாது. நீங்கள் உயிரோடை இருக்கிறதா விதானையாரிட்டை ஒரு கடிதம் வேணும்."

விதானையார் என்றால் எங்கள் கிராம சேவையாளர். வெள்ளிக்கிழமை பின்னேரம் அவரை எங்கே பிடிப்பது? தங்கச்சி இரக்கப்பட்டுத் தொலைபேசி எடுத்தாள்.

"நான் தவராசாவின்ரை வீட்டிலைதான் நிக்கிறன். செத்த வீடெண்டு வந்தனான். ஆள் எழும்பிக் கந்தோருக்குப் போட்டாராம்" என்றார் விதானையார்.

ரி.ஓ ஐயாவுக்கு அப்போதுதான் சிரிப்பு வந்தது. என்னைத் தன் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்தார். விதானையார் தறப்பாளின் கீழ் இருந்தே கடிதம் எழுதினார். சாட்சிக்கு இரண்டு கையெழுத்துப் போதும். ஆனால் கந்தையா அண்ணை முதலாவதாக வைக்க, மற்றவர்களும் விடவில்லை. பதினொரு பேர் வைத்தார்கள். தன் செத்த வீட்டுக்கு வந்தவர்களிடமே தான் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி வாங்கியவன் இந்தக் குடாநாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ரி.ஓ ஐயா அளவு நாடாவை விட்டு ஆழம் பார்த்தார். சரி என்றார். மணி நாலுக்குப் பத்து நிமிடம். வந்தவர்கள் எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். மண்வெட்டி கிடைத்தவர் மண்வெட்டியால், கிடைக்காதவர் கையால். நாலு மணிக்குக் கிடங்கு இருந்த இடம் தெரியவில்லை. பாக்கியக்காவின் தேத்தண்ணியும் மிஞ்சவில்லை.

திங்கட்கிழமை தண்ணீர் வந்தது. முதல் கோப்பையை உங்கள் அம்மா குடித்துவிட்டு, "செத்துக் கொண்டந்த தண்ணியெண்டாலும் நல்லாய்த்தான் இருக்கு" என்றாள். இரண்டு கானிலும் இப்போது மணிப்பிளாண்ட் வளருகிறது.

நான் உயிரோடு இருப்பதாக விதானையார் எழுதிய கடிதத்தின் பிரதியை நீங்கள்தான் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நான் கொஞ்சம் அசந்து படுத்தால், உங்கள் அம்மா குசினியிலிருந்து குரல் கொடுப்பாள்: "பிள்ளையள், அப்பா அசையிறாரில்லை. ஒருக்கால் கடிதத்தைப் பாருங்கோ."

சின்னவள் ஓடிப்போய் வாசித்துவிட்டுக் கத்துவாள்: "பயமில்லை அம்மா! முடிவுத் திகதி போடேல்லை!"