செங்குட்டுவன் சுண்டலும் வரதன் கட்லெட்டும்

முள் எடுக்க எடுக்க மீன் குறைந்துகொண்டே வந்தது. காலையில் காசிமேட்டிலிருந்து ஒரு கூடை காரப்பொடி மீனோடு வந்து இறங்கியபோது வரதனுக்கு இருந்த வீரமெல்லாம் பத்து மணிக்கு ஒரு சின்னச் சட்டிக்குள் அடங்கிவிட்டது. பக்கத்தில் முள் மட்டும் குவியல் குவியலாகக் கிடந்தது.

"இன்னாய்யா இது? அம்பது பேருக்குப் போடறேன்னு சொல்லிட்டு, பூனைக்கு வெக்கிற அளவுக்கு வெச்சிகினு குந்திகினு கீறே?" என்றாள் அவன் மனைவி ஷாலு.

"மீன் கட்லெட்டு ஷாலு. நம்ம பில்டிங்ல எவனும் போட்டதில்ல."

"இந்த மீன்ல எவன் போடுவான்? இது கொழம்பு வெக்கிற மீனு."

"வசூலான துட்டுக்கு வஞ்சிரமா தருவான்?"

"சுண்டல் பண்ணிட்டுப் போயேன். சீப்பா முடியும். கொயந்தைங்களும் துன்னும்."

சுண்டல் என்ற சொல்லைக் கேட்டதும் வரதனின் முகம் மாறியது.

விம்கோ நகரில் அவர்கள் இருந்த மூன்று மாடிக் கட்டடத்தில் பன்னிரண்டு வீடுகள். கோடை விடுமுறை முடிகிற ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டைமாடியில் பந்தல் போட்டு, பிள்ளைகளுக்கு மியூசிக்கல் சேர், பெரியவர்களுக்குக் கயிறு இழுக்கும் போட்டி என்று வருடா வருடம் ஒரு கொண்டாட்டம் நடக்கும். வீட்டுக்கு வீடு போடுகிற சொற்பக் காசில் எல்லோருக்கும் தின்னக் கொடுப்பது யாராவது ஒருவர் பொறுப்பு. போன வருடம் அதை ஏற்றவன் இரண்டாம் மாடி செங்குட்டுவன். அவன் செய்தது சுண்டல்.

அன்றைக்கு வரதனுக்குக் கன்டெய்னர் யார்டில் டூட்டி. ஷாலுவும் மகள் அம்முவும் எண்ணூரில் ஷாலுவின் அம்மா வீட்டில் இருந்தார்கள். ஆகவே அந்தச் சுண்டலை இவர்கள் வீட்டில் ஒருவரும் வாயால் தின்னவில்லை. காதால்தான் ஒரு வருடமாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

படியில் ஏறினால் கீழ்வீட்டு ஃப்ளோரா, "செங்குட்டுவன் சுண்டல் இன்னும் நாக்குலயே கீது வரதா" என்பாள். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நின்றால், கட்டடத்துக்கே தலைவர் மாதிரி இருக்கும் மேத்யூ, "அது கையில்லபா, வரம்!" என்பார். பேருந்து நிறுத்தத்தில்கூட விடவில்லை. செங்குட்டுவன் பைக்குக்கு வயர் மாற்றுகிற எலக்ட்ரீஷியன். கிரீஸ் கையில் அப்படி என்ன வரம் என்று நினைத்து நினைத்து வரதன் சரியாகத் தூங்கவில்லை. ஒருநாள் ஷாலு வீட்டில் சுண்டல் வைத்தபோது தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான்.

இரண்டு வாரம் முன்பு கூடிப் பேசியபோது மேத்யூ, "இந்த வருஷம் சாப்பாடு யாரு?" என்று கேட்டார். ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

"அவனே பண்ணட்டும்" என்றாள் ஃப்ளோரா. "செங்குட்டுவனை அடிச்சிக்க இந்த பில்டிங்ல ஆளு ஏது?"

வரதனின் கை தானாக மேலே போனது. "நான் பண்றேன். அப்பால பாருங்க."

எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகத் தட்டியவன் செங்குட்டுவன். அதோடு விடாமல் ஓடிப்போய் தன் வீட்டிலிருந்த பெரிய அலுமினிய அண்டாவைத் தலையில் சுமந்து வந்து வரதன் வீட்டு வாசலில் இறக்கினான். "இனிமே இது ஒன்னோட வூட்லதான் இருக்கணும் மாமு" என்றான். பொறாமையை எவ்வளவு சாமர்த்தியமாக மறைக்கிறான் என்று வரதன் வியந்தான்.

இப்போது அந்த அண்டாவுக்குள் சட்டி மீனைக் கொட்டியபோது அடிப்பக்கம்கூட மறையவில்லை.

"உருளைக்கெயங்கு சேர்த்தா பெருகிடும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு மூட்டைக் கிழங்கை வேகப்போட்டான். வெங்காயம் அரிவதற்குள் கிழங்கு குழைந்து சுவரொட்டி ஒட்டுகிற பசை மாதிரி ஆகிவிட்டது. உருட்டினால் உள்ளங்கையை விட்டு வரவில்லை.

"பிரெட் தூள் போட்டா இறுகிடும்" என்று பேக்கரிக்கு ஓடினான். முந்தின நாள் மீந்த பன் ஒரு பெரிய பை நிறையச் சல்லிசாகக் கிடைத்தது. நேரமாகிவிட்ட பதற்றத்தில் என்ன பன் என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டுப் பிசைந்தான்.

அம்மு வந்து எட்டிப் பார்த்தாள். "நைனா, மீனுக்குள்ள டூட்டி ஃப்ரூட்டி கீது."

வரதன் குனிந்து பார்த்தான். சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாக அண்டா முழுக்கக் கண் சிமிட்டியது. கொஞ்சம் எடுத்து வாயில் போட்டான். மீன் இனித்தது.

"ஷாலு!"

"என்னிய கூப்டாத. ஆசைப்பட்டு கை தூக்கினது நீ."

இனிப்பை அடக்க மிளகாய்த்தூள் போட்டான். ஒரு கை போட்டான், போதவில்லை. பாக்கெட்டைக் கவிழ்த்தான். அம்மு ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டுக் குழாயடிக்கு ஓடினாள். காரத்தை அடக்கத் தயிர் ஊற்றினான். இறுகியிருந்தது மறுபடி இளகியது. காய்ந்த எண்ணெயில் முதல் கட்லெட்டைப் போட்டதும் அது நாலா பக்கமும் பிரிந்து போனது. இரண்டாவதும் அப்படியே. எட்டாவது போட்டபோது எண்ணெயே காணாமல் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்துச் செங்குட்டுவன் வாசலில் வந்து நின்றான்.

"மாமு, ஒத்தாசை பண்ணவா? மணி ரெண்டாவுது. மேல பசங்க தட்டோட குந்திகினு கீதுங்க."

"ஒண்ணும் வேணாம்."

செங்குட்டுவன் அண்டாவுக்குள் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். "அந்தச் செவப்பு இன்னாது மாமு?"

"கேரட்டு."

"பச்சை?"

"பட்டாணி. போபா, வேலையப் பாரு."

"ஷோக்கா கீது மாமு" என்று சொல்லிவிட்டுச் செங்குட்டுவன் முகமெல்லாம் பல்லாகப் போனான். கிண்டல் பண்ணுகிறான் என்று வரதனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இந்தச் சிரிப்பை இன்னும் ஒரு வருடம் படியில் பார்க்கவேண்டுமே என்று நினைத்தபோது அழுகையே வந்துவிட்டது.

எண்ணெய்ச் சட்டியில் இருந்ததையெல்லாம் சுரண்டி அண்டாவில் போட்டு, அடுப்பில் ஏற்றி, கரண்டியால் கிளறு கிளறென்று கிளறினான். ஈரம் வற்றி உதிரி உதிரியாக வந்தது. கறிவேப்பிலையைக் கிள்ளிப் போட்டு இறக்கினான்.

"கட்லெட்டு எங்க?" என்று கேட்டாள் ஷாலு.

"இது மீன் புட்டு. சுறாப்புட்டுக்குத் தங்கச்சி."

ஷாலு கடைக்குப் போய் இரண்டு தார் வாழைப்பழம் வாங்கிக்கொண்டு மாடிக்கு ஏறினாள்.

பந்தலுக்குக் கீழே வரதன் தன் கையாலேயே பரிமாறினான். பிள்ளைகள் ஆளுக்கொரு வாய் வைத்தன.

"அங்கிள், பட்டாணி இனிக்குது."

"ஒஸ்தி பட்டாணிடா. துன்னு."

"அங்கிள், முள்ளு!"

அதற்குப்பிறகு பிள்ளைகள் ஒவ்வொன்றாக நழுவி ஷாலுவின் வாழைப்பழத் தார் பக்கம் போய்விட்டன. பெரியவர்கள் மரியாதைக்காக உட்கார்ந்திருந்தார்கள். மேத்யூ ஒரே வாயை மென்றுகொண்டே இருந்தார். ஃப்ளோரா தண்ணீர்ப் பாட்டிலைக் கீழே வைக்கவேயில்லை. தட்டோரம் வந்த கட்டடத்துப் பூனை மீன் வாசம் பிடித்து வாய் வைத்தது, தும்மியது, வாலைத் தூக்கிக்கொண்டு போயிற்று. கும்மிடிப்பூண்டி போகிற ரயில் சத்தம் அவ்வளவு தெளிவாக மாடியில் எப்போதும் கேட்டதில்லை.

செங்குட்டுவன் மட்டும் தட்டைக் காலி செய்தான். கண்ணில் நீர் வழிய எழுந்து வந்து வரதனின் கையைப் பிடித்துக் குலுக்கினான். "நான் தோத்துட்டேன் மாமு. மனசார சொல்றேன்."

வரதன் அந்த முகத்தில் கேலியைத் தேடினான். கிடைக்கவில்லை. அங்கே இருந்தது சந்தோஷம். அது இன்னும் மோசமாக இருந்தது. மீந்த புட்டால் அண்டா கனமாக இருக்க, அதை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய், யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து கழுவ ஆரம்பித்தான்.

கழுவிக்கொண்டிருக்கும்போதே பந்தல் பக்கமிருந்து மேத்யூவின் குரல் கணீரென்று கேட்டது.

"இன்னா டேஸ்ட்டுபா! வரதன் கை இருக்கே, அது கையில்ல, வரம்!"

வரதனின் கை நின்றது.

"மீன் புட்டுன்னா இதுதான் மீன் புட்டு" என்றது இன்னொரு குரல். "செங்குட்டுவன் சுண்டல்லாம் இதுகிட்ட நிக்குமா?"

"நிக்கவே நிக்காது!" இது செங்குட்டுவனே.

வரதனுக்கு அவசரப்பட்டுவிட்டோமே என்று தோன்றியது. முதலில் காரமாக இருந்திருக்கும், மென்று பார்த்தபிறகுதான் ருசி தெரிந்திருக்கும். நல்ல பண்டத்துக்கு அப்படித்தான். ஒரு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்து அரித்த ஒன்று இறங்கிப் போனது. இனிமேல் படியிலும் தண்ணீர் லாரியிலும் செங்குட்டுவன் காதில் என் பேர் விழட்டும் என்று நினைத்து, லுங்கியில் கையைத் துடைத்து, முகத்தில் ஓர் அடக்கமான சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, பாராட்டை நேரில் வாங்கிக்கொள்ள எழுந்தான்.

அப்போது தொட்டிக்கு அந்தாண்ட, ஃப்ளோரா குரலைத் தாழ்த்திச் சொன்னது கேட்டது:

"இன்னும் கொஞ்சம் சத்தமா புகழுங்கபா, மூணாவது மாடிக்குப் புதுசா வந்த ரஷீது ஷிப்டு முடிஞ்சு இப்பதான் படியேறிகினு கீறான். இந்த பில்டிங்ல இதைத் துன்னாத ஒரே ஆம்பள அவன்தான், அடுத்த வருஷம் கை தூக்க வேற எவன் கீறான்?"