பிடுங்கிய பல் இன்னும் வலிக்கிறது

தோட்டப் பள்ளிக்கூடம் (தற்சமயம்),
மடுல்சீமை.

பெண் கொடுத்துப் பெண் எடுத்த மரியாதைக்குரிய மச்சான் கிருஷ்ணராஜ் அவர்களுக்கு, சின்னராசா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கச்சி விஜயலெட்சுமியும் உயிரோடு இருக்கிறோம். பெரகலையில் நீங்களும் என் தங்கச்சி சிவசக்தியும் பிள்ளைகளும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் பேசாமல் கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். நேற்றுப் பேசினேனே! வாய் வீங்கியிருந்ததால் நான் பேசியது எனக்கே விளங்கவில்லை. நீங்கள் "யாருடா அது, பேய் மாதிரி ஊளையிடுறது?" என்று வைத்துவிட்டீர்கள். அந்தப் பேய் நான்தான்.

என் கடைவாய்ப் பல்லின் பெருமை உங்களுக்குத் தெரியும். கோயிலுக்குப் பின்னால் மண்மேடு சரிவதற்கு முதல் நாள் அது வலித்தது. பசறை ரோட்டில் வளைவு ஒன்று பள்ளத்தில் போனதற்கும் முதல் நாளே வலித்தது. அதிலிருந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற சனங்கள் ரேடியோவை நம்புவதை விட்டுவிட்டார்கள். வானம் இருட்டினால் போதும், என் வாசலில் வந்து நின்று, "அண்ணே, பல்லு எப்படிங்க இருக்கு?" என்பார்கள். தோட்டத்துப் பெரிய தொரைகூட ஒரு தடவை கணக்கப்பிள்ளையை அனுப்பி விசாரித்தார். என் சுகத்தை ஒருவரும் கேட்டதில்லை, பல்லின் சுகத்தைத்தான் கேட்டார்கள். நீங்களோ தீபாவளிக்கு வந்து, "சொத்தைப் பல்லை வச்சுக்கிட்டு சோசியம் பாக்குறீங்களா மச்சான்? புடுங்கி எறிங்க" என்று எல்லோர் முன்னாலும் சிரித்தீர்கள். அந்த ரோசத்தில்தான் பதுளைக்கு பஸ் ஏறினேன்.

பல் டாக்டரம்மா தங்கமானவர். விறைப்பு ஊசி போட்டுவிட்டு, குறட்டால் பிடித்து இழுத்தார். மரம் வேரோடு சாய்கிற சத்தம் மண்டைக்குள் கேட்டது. எல்லோருக்கும் அப்படித்தான் கேட்கும் என்றார். சூடாக எதுவும் வேண்டாம், ஐஸ்கிரீம் சாப்பிடுங்கள் என்றார். மடுல்சீமை மழையில் ஐஸ்கிரீம்! பஞ்சைக் கடித்துக்கொண்டு லயத்தில் வந்து இறங்கினால், சுவருக்கு அந்தப் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற இராக்கம்மா என் கன்னத்தைப் பார்த்ததுமே தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "சொல்லாம கொள்ளாம புடுங்கிட்டு வந்துட்டீங்களே! இனி எங்களுக்கு யாருங்க சொல்லுவா?" இழவு வீட்டுக்கு வருவதுபோல் சனம் வந்து போனது. பல்லைப் பறிகொடுத்தவன் நான், ஆறுதல் இராக்கம்மாவுக்கு!

வலி தொலைந்தது என்றுதான் இருந்தேன். வீக்கம் கொஞ்சம் வடிந்து, ஆறின கஞ்சி குடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் அது திரும்ப வந்தது. குழியில் அல்ல மச்சான், பல்லில் வலித்தது. இல்லாத பல்லில்! நாக்கால் தடவினால் வெறும் குழி, அதற்குள்ளிருந்து ஈரக்காற்று வந்தது. டாக்டரம்மா சொன்னபடி உப்புத் தண்ணீர் கொப்பளித்து ஒரு கோப்பையில் துப்பினேன். சிவப்பாக இருந்தது. ரத்தம் என்று நினைத்தோம். சற்று நேரத்தில் தண்ணீர் தெளிந்து, அடியில் செம்மண் தங்கியது. விஜயலெட்சுமி விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தாள். "மண்ணுதாங்க. ஒழுங்கா பல்லு வெளக்குங்கன்னு எத்தனை வாட்டி சொன்னேன்..." என்று ஏச ஆரம்பித்தவள் பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் ஏச்சைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

இராக்கம்மா வந்தாள். என்னைக் கேட்காமலேயே என் கன்னத்தில் காதை ஒட்டி வைத்தாள். "உள்ளுக்குத் தண்ணி ஓடுதுங்க. கல்லு உருளுற சத்தமும் கேக்குது." அவ்வளவுதான், சட்டிபானையோடு லயமே பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட்டது. வந்து நாளாகிறது, மலை அசையவில்லை. வலியும் விடவில்லை, விட்டு விட்டுக் குத்துகிறது. காலையிலும் மாலையிலும் சனங்கள் வரிசையில் நின்று என் கன்னத்தில் காது வைக்கிறார்கள். ஒருத்திக்குக் காதில் எண்ணெய், இன்னொருத்திக்குத் தோடு குத்துகிறது. மலை இன்னும் விழவில்லையே என்று என்னையே ஏசுகிறவர்களும் இருக்கிறார்கள்.

ஆகையால் மச்சான், கன்னம் ஆறும்வரை உங்கள் வீட்டில் ஒரு காம்பரா ஒதுக்கித் தாருங்கள். நான் முன்னால் வருகிறேன், விஜயலெட்சுமி பின்னால் வருவாள். பேசினால் விளங்காது என்பதால் இக்கடிதத்தை நானே கொண்டுவந்து வாசலில் நின்று நீட்டுவேன். பேய் என்று விரட்டாமல், படித்துவிட்டுக் கதவைத் திறக்கவும்.

முத்துமாரி உங்கள் நிலைவாசலுக்குக் காவல் நிற்கட்டும். சிவசக்திக்கு அண்ணனின் ஆசீர்வாதம். பிள்ளைகளுக்கு, வீங்காத பக்கத்தால் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சொல் கேட்டுப் பல் பிடுங்கிய
சின்னராசா

பி.கு.: இதைப் பெரகலைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இருந்து எழுதுகிறேன். மேலே கேட்ட காம்பரா வேண்டாம். பஸ் அப்புத்தளையைத் தாண்டிக் கீழே இறங்க இறங்க வலி ஏறியது. உங்கள் வீட்டுப் பாதையில் கால் வைத்தேன், வாய் நிறையச் செம்மண். துப்பத் துப்ப வருகிறது. மடுல்சீமை மலைக்கு ஒன்றுமில்லை மச்சான். உங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற மலைதான். மேலே ஏறிவர எனக்குத் துணிவில்லை, வெட்கமாக இருக்கிறது. ஆட்டோக்காரர் பவாஸுக்கு எல்லாவற்றையும் எழுதிக் காட்டித்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எஞ்சினை நிறுத்தாமல் காத்திருப்பார். அடுப்பை அணைக்கக்கூட நிற்காதீர்கள், சிவசக்தியையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு நான் நிற்கிற சந்திக்கு வந்துவிடுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால், ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னைச் சொல்லிச் சொல்லிச் சிரியுங்கள். சிரிக்க நீங்கள் எல்லோரும் இருக்க வேண்டும் மச்சான்.