காஜா திறந்த காலை

பிளேடு கையில் இருந்தது. கோட்டு மடியில் இருந்தது.

கோட்டின் காலர் மடிப்பில் காஜா என்று ஒரு பொத்தான் துளை உண்டு, பார்வைக்கு மட்டும். நூலால் இறுக்கித் தைத்து மூடியிருந்தார்கள். தலைமை எழுத்தருக்கு அது இப்போதே திறந்தாக வேண்டும். பத்து மணிக்கு உதவி மேனேஜர் பதவிக்கான நேர்காணல். மேனேஜரோ தினமும் கோட்டில் ரோஜா செருகி வருபவர். "கோட்டுல பூ இல்லாதவன் குமாஸ்தா, பூ இருக்கறவன் அதிகாரி" என்று மீட்டிங்கில் முழங்கியவர். அன்றிலிருந்து, இதே பதவிக்கு அடிபோடும் ஸ்டோர்ஸ் பிரிவுக்காரர்கூடப் பூவும் கோட்டுமாகத்தான் திரிகிறார்.

"டெய்லர்கிட்ட குடுங்களேன்" என்றாள் மனைவி.

"நாலு தையல் பிரிக்க டெய்லரா? காலமெல்லாம் ஃபைல் கட்டு பிரிச்ச கைடி இது."

பிரித்தார். பிளேடு தையலோடு நிற்காமல் துணிக்குள்ளும் ஒரு விரல் நீளம் போய்விட்டு வந்தது.

"ஐயையோ!"

"கத்தாதீங்க. குடுங்க, தைச்சுடறேன்."

தைத்தாள். அந்த இடம் புளிப்பு தின்ற வாய் மாதிரி சுருங்கிக்கொண்டது.

"இஸ்திரி போட்டா படிஞ்சுடும்" என்று அவரே போட்டார். கண் கடிகாரத்தில் இருந்தது. புகை வந்த பிறகுதான் கோட்டுக்குத் திரும்பியது.

கருகியதை மனைவி கத்தரியால் வட்டமாக வெட்டி எடுத்தாள். அவர் ரோஜாவைச் செருகினார். ரோஜா உள்ளே விழுந்து, வயிற்றுப் பக்கம் எங்கோ போய்ச் சேர்ந்தது.

"இதுக்கு ரோஜா பத்தாதுங்க. முட்டைக்கோஸ்தான் வேணும்."

"உனக்கு விளையாட்டா இருக்கா? என் உத்தியோகமே இந்த ஓட்டை வழியா போயிட்டிருக்கு!"

கடைசியில் பக்கத்து வீட்டுத் தொட்டியிலிருந்து ஒரு டேலியாப் பூ வந்தது. சாப்பாட்டுத் தட்டைவிடச் சற்றே சிறியது. ஊக்குகளைக் குத்தி நிறுத்தினாள்.

மேனேஜர் அறைக்குள் முதலில் பூ நுழைந்தது, பின்னால் அவர்.

மேனேஜர் கையிலிருந்த ஃபைலை மூடி வைத்தார். பூவையே பார்த்தார். "என்னய்யா இது, இவ்வளவு பெரிசா?"

ஏதாவது பொய் சொல்லலாம் என்றுதான் தலைமை எழுத்தர் வாயைத் திறந்தார். உண்மைதான் வந்தது.

"ஓட்டைய மறைக்கத்தான் சார்."

மேனேஜர் முகம் வெளுத்தது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"வீட்ல மட்டும்தான் தெரியும் சார்."

"வீட்டுக்கும் தெரியுமா!" மேனேஜர் நாற்காலியில் சரிந்தார். "சரி, அதோட நிக்கட்டும். நீதான் உதவி மேனேஜர். போ. போயிடு."

வெளியே வந்தும் பயம் போகவில்லை. எதற்குக் கிடைத்தது என்றே தெரியாத பதவி எதற்குப் பறிபோகும் என்று யார் கண்டது? அந்த நேரம் பார்த்து ஊக்கு கழன்று டேலியா தலைகீழாகத் தொங்கியது. வராந்தாவில் நின்றிருந்த மேனேஜரின் டிரைவர் ஓட்டையை எட்டிப் பார்த்தார்.

"அட, உங்களுக்கும் சிகரெட்டா சார்? நம்ம ஐயாவும் கார்ல சிகரெட்டோட தூங்கி விழுந்து கோட்டைப் பொசுக்கிக்கிட்ட அன்னிக்குத்தான் அந்த ரோஜாவையே வைக்க ஆரம்பிச்சாரு!"