ஒற்றைத் தீக்குச்சி வீரர்

"உன் தலைமேல சத்தியம் கிருஷ்ணவேணி, மயிலத்துக்குத்தான் போறேன்" என்று கையை நீட்டினார் சக்கரபாணி.

கிருஷ்ணவேணி சட்டென்று பின்னால் நகர்ந்தாள். "சாமி காரியமா கிளம்பறப்போ பொண்டாட்டி தலையில கை வெப்பாங்களா? நம்பறேன். போய்ட்டு வாங்க."

பொய்ச் சத்தியத்திலிருந்து தப்பித்ததற்காக முருகனுக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, சக்கரபாணி திண்டிவனம் பஸ்ஸில் ஏறினார். அங்கே அன்றைக்குப் புகையிலைப் பைப் பிடிப்பவர்களின் மாநாடு.

விழுப்புரத்தில் மல்லாட்டை என்னும் வேர்க்கடலை மண்டியில் கணக்கெழுதும் மனிதருக்குப் பைப் எப்படி வந்தது? வெள்ளைக்காரர்கள் புதுச்சேரியைக் காலி செய்த வருஷம், ஒரு துரை வீட்டில் நாற்காலி வாங்கப் போனார். துரை ஒரு பைப்பையும் சும்மா கொடுத்தார். நாற்காலி ஒரு வாரத்தில் ஒடிந்தது. பைப் ஒட்டிக்கொண்டது.

போன ஆடியில் அவர் இருமிய இருமலுக்கு மண்டியில் மூட்டைகள் சரிந்ததாகச் சொல்வார்கள். கிருஷ்ணவேணி அவரை மயிலத்துக்கு இழுத்துப் போய் சன்னதியில் நிறுத்தினாள். "முருகா, இந்த மனுசன் திரும்பவும் குழாயை வாயில வெச்சா, என் முடியை உனக்குக் குடுத்துடறேன்!"

சக்கரபாணி ஆடிப் போனார். தன் தலை என்றால் கவலைப்பட்டிருக்க மாட்டார். கிருஷ்ணவேணியின் கூந்தலோ, அவிழ்த்துவிட்டால் கிணற்று வாளிக்குக் கயிறு வேண்டாம் என்று தெருவே சொல்லும் கூந்தல். அதைப் பார்த்துத்தான் பெண் கேட்டார். முகத்தைக் கல்யாணத்தன்றுதான் பார்த்தார்.

பத்து நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பதினோராம் நாள் பைப்போடு மண்டி மூட்டைகளுக்குப் பின்னால் போனார். அன்றிலிருந்து வீடு திரும்பியதும் முதல் பார்வை மனைவியின் கொண்டைமேல்தான். இருக்கும். அப்பாடா! தை மாதம் தாய்வீடு போய் வந்தபிறகு அவள் கொண்டையை அவிழ்ப்பதே இல்லை. "ஊர்க் கண்ணு படுது" என்றாள். சரியான பேச்சு என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

மாநாடு இருதயராஜ் வீட்டில். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். ஜன்னல்களையெல்லாம் சாத்தி, மேஜைமேல் பைப்புகளைப் பெண் பார்க்க வைத்ததுபோல் அடுக்கியிருந்தார்.

"வாங்க சார், வாங்க! உங்க பைப்பைக் காட்டுங்க. அடடா, மரம் பேசுது!"

"வெயில் காலத்துல கொஞ்சம் முனகும்" என்றார் சக்கரபாணி அடக்கமாக.

மாட்டு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் விருத்தாசலம் தன் பைப்பை உயர்த்தினார். "இது கப்பல் கேப்டன் வெச்சிருந்தது. கப்பல் முழுகிப் போச்சு. வலையில வந்தப்போ உள்ள கங்கு இருந்துச்சாம்."

யாரும் சிரிக்கவில்லை. பைப்காரன் சொல்வதை இன்னொரு பைப்காரன் சந்தேகிப்பதில்லை.

பிறகு போட்டி. ஆளுக்கு ஒரே அளவு புகையிலை, ஆளுக்கு ஒரு தீக்குச்சி. யாருடைய பைப் கடைசிவரை அணையாமல் இருக்கிறதோ அவருக்குப் பரிசு. ஊதித் தள்ளியவர்கள் சீக்கிரம் வெளியேறினார்கள். கேப்டன் பைப்பும் அணைந்தது. சக்கரபாணியின் பைப் மட்டும் தூங்கும் குழந்தைபோல் மெல்ல மூச்சுவிட்டுக்கொண்டே இருந்தது.

"எங்க சார் கத்துக்கினீங்க?" இருதயராஜ் எழுந்து நின்று சல்யூட் வைத்தார்.

"பொண்டாட்டிக்குத் தெரியாம புடிச்சுப் பாருங்க. தானா வரும்."

மாலை போட்டார்கள். கட்டிப் பிடித்தார்கள். அப்போதுதான் சக்கரபாணி தன் சட்டையை மோந்து பார்த்தார். சூளைக்குள் படுத்து எழுந்தவர்போல் நாறினார்.

"ஐயோ, என் பொண்டாட்டி முடி போச்சே!"

விஷயத்தைக் கேட்டதும் சங்கமே பதறியது. விருத்தாசலம் கொய்யா இலையைப் பறித்து வந்தார். "மென்னு துப்புங்க, எந்த வாடையும் நிக்காது." மென்றார். புகையோடு ஆட்டுப்பட்டி வாடையும் சேர்ந்தது.

"ஜல்தி நகருங்க!" இருதயராஜ் ஒரு பாட்டில் ஓடிகோலன் சென்ட்டை அவர் தலையில் கவிழ்த்தார்.

சக்கரபாணி கண்ணைத் திறந்து யோசித்தார். "ஏங்க, இப்ப வீட்டுக்குப் போனா அவ பைப்பைப் பத்திக் கேப்பாளா, பொம்பளையைப் பத்திக் கேப்பாளா?"

இருவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார். சக்கரபாணி, மயிலத்துக்கு ரோடு பிரியும் கூட்டேரிப்பட்டில் இறங்கி, பம்புசெட்டில் சட்டையோடு முங்கினார். டீக்கடைக்காரரிடம் போய்க் குனிந்தார்.

"கொஞ்சம் மோந்து சொல்லுங்க."

டீக்கடைக்காரர் பல வியாபாரம் பார்த்தவர். நிதானமாக மோந்தார். "சட்டையில போயிடுச்சு. மயிர்லதான் நிக்குது. பேஜாரு."

அதைக் கேட்டதும் சக்கரபாணிக்கு ஞானம் பிறந்தது. நேரே மயிலம். முடி இறங்கியது, மீசையும் இறங்கியது. மழித்த தலையில் சந்தனத்தை அப்பிக்கொண்டார். வாடை போச்சு, மயிலம் போன பொய்யும் மெய்யாச்சு. ஒரே கத்தியில் இரண்டு காரியம்.

பொழுது சாயும் நேரத்துக்கு வீட்டுத் தெருவில் நுழைந்தார். தெருக்கோடியில் கூத்துக் கொட்டகை போட்டு மத்தளம் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்ற கிருஷ்ணவேணி அவர் தலையைப் பார்த்ததும் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க! எதுக்குங்க மொட்டை?"

"உனக்காகத்தான்" என்றார் சக்கரபாணி, குரல் தழுதழுக்க. "உன் முடிக்கு ஒரு குறையும் வரக்கூடாது, என் முடியை எடுத்துக்கப்பான்னு வேண்டிக்கினேன்."

கிருஷ்ணவேணியின் கண் நிறைந்தது. முந்தானையைக் கொண்டைக்குமேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சக்கரபாணி அவள் கொண்டையை ஆசையாகப் பார்த்தார். முருகன் காப்பாற்றினான்!

அப்போது கூத்தில் ராணி வேஷம் கட்டும் மண்ணாங்கட்டி, முகத்தில் பாதி அரிதாரத்தோடு ஓடிவந்தான். இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"என்ன மாமா, நீயும் மயிலமா? அக்கா, தை மாசம் மொட்டை போட்டுக்கினு வந்து, 'மாமன் மனசு ஒடிஞ்சுடும்டா'ன்னு வாங்கிக்கினு போனியே, அந்த ராணி டோப்பாவை ஜல்தி கழட்டிக் குடு; இன்னிக்கு ஆட்டம்!"