மனோகரன் சார் கண்ட முப்போகம்

காவிரி டெல்டாவில் முப்போகம் விளைந்த காலம் மலையேறிவிட்டது என்று புலம்புகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் திறக்காவிட்டாலும், மழை பொய்த்தாலும் பெய்து கெடுத்தாலும், ஒவ்வொரு ஜூலை மாதமும் தஞ்சாவூரில் ஓர் இனிப்புக் கடையின் மாடியில் முப்போகம் தவறாமல் விளைந்துகொண்டுதான் இருக்கிறது. உழவில்லை, நாற்றில்லை, களையில்லை. ஒரு கம்ப்யூட்டரும் ஒரு 'ஆடிட்டரும்' போதும்.

இந்தப் பேருண்மையை நாம் அறியக் காரணமானவர் குத்தாலம் மனோகரன் சார். உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் வணிகவியல் ஆசிரியர். பற்று எது, வரவு எது என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குத் தெளிய வைத்தே தலை நரைத்தவர். பள்ளியில் தெளியாத பிள்ளைகளுக்குச் சாயங்காலம் தன் வீட்டு மாடியில் மறுபடியும் தெளிய வைப்பார். உலகம் இதை டியூஷன் என்று சொல்லும். உதவி பெறும் பள்ளி ஆசிரியர் டியூஷன் எடுத்தால் வேலைக்கே ஆபத்து என்பதால், சார் இதைச் 'சேவை' என்றுதான் குறிப்பிடுவார். சேவைக்கான காணிக்கை மாதம் பிறந்ததும் பெற்றோரின் செல்போன்களிலிருந்து கிளம்பி அவருடைய வங்கிக் கணக்கில் வந்து விழும்.

இப்பேர்ப்பட்டவருக்குத் தன் வருமான வரிக் கணக்கைத் தானே தாக்கல் செய்யத் தெரியாதா என்று கேட்காதீர்கள். தெரியும். தெரிந்ததை எல்லாம் செய்வது பெரிய மனிதருக்கு அழகல்ல. நாயனக்காரர் தன் கல்யாணத்துக்குத் தானே வாசித்துக்கொண்டா மணவறையில் உட்காருகிறார்? ஆனால் இந்த நுட்பம் அவருடைய மகள் ஜீவிதாவுக்குப் பிடிபடவில்லை. கும்பகோணத்தில் ஒரு தனியார் வங்கியில் வேலை பார்க்கும் பெண், அனுபவம் போதாது.

"அப்பா, ஸ்கூல்ல குடுத்த ஃபார்ம் பதினாறை எடுங்க. வெப்சைட்ல எல்லாம் ரொப்பியேதான் இருக்கும். சரிபாத்து அனுப்ப வேண்டியதுதான். சோறு வேகறதுக்குள்ள முடிச்சிடலாம்."

"முடிச்சிட்டு? நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல 'உங்க ஆடிட்டர் யாரு சார்'னு கேட்டா நான் என்ன சொல்றது?"

"எம் பொண்ணுதான்னு சொல்லுங்க."

"நல்லா இருக்கும்! ஆடிட்டர் வைக்கக்கூட வக்கில்லாதவன்னு நெனைப்பாங்க."

சாரின் கவலை நியாயமானது. உடற்கல்வி ஆசிரியர் நெடுமாறனுக்கே தஞ்சாவூரில் ஆடிட்டர் இருந்தார். அதுமட்டுமல்ல, அவருக்குப் போன வருஷம் 'ரீஃபண்ட்' வேறு வந்துவிட்டது. பிடித்த வரியை அரசாங்கமே திருப்பி அனுப்பியிருந்தது. விசில் ஊதுகிறவருக்கு ரீஃபண்ட், வணிகவியல் வாத்தியாருக்கு இல்லை என்றால் பாடத்திட்டத்தின் மானம் என்னாவது? மயிலாடுதுறையிலேயே ஆடிட்டர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவர் எப்படி நல்ல ஆடிட்டராக இருக்க முடியும்? சார் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுத் தஞ்சாவூர் பஸ் ஏறினார்.

இனிப்புக் கடை மாடியில் 'ஆடிட்டர்' சூர்யபிரகாஷ் எழுந்து நின்று வரவேற்றார். அவர் படித்தது கேட்டரிங் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். பான் கார்டு, பாஸ்போர்ட் போட்டோ, பஸ் டிக்கெட், வருமான வரி எல்லாம் அங்கே ஒரே மேஜையில் நடந்தன.

"சாருக்கு நிலம் இருக்கா?"

"மூணு ஏக்கர். வீரையன்னு ஒருத்தன்கிட்ட குத்தகைக்கு விட்டிருக்கு."

"எழுத்துல ஏதாவது இருக்கா?"

"சேச்சே. எல்லாம் வாய்ப்பேச்சுதான்."

"அப்ப நீங்கதான் சார் விவசாயி!" என்று சூர்யபிரகாஷ் கையெடுத்துக் கும்பிட்டார். "உழவனுக்கு வரியே கிடையாது. ஆமா, மாசாமாசம் உங்க அக்கவுண்ட்ல கொத்துக் கொத்தா வந்து விழுதே, இது என்ன?"

"அது வந்து... சேவை."

"இல்ல சார். நெல்லு."

மனோகரன் சாருக்கு மெய்சிலிர்த்தது. எத்தனை வருஷம் கணக்குப் பாடம் நடத்தியும் இந்தக் கோணம் அவருக்குத் தோன்றியதே இல்லை.

"போன சம்பாவுல..." என்று அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

சூர்யபிரகாஷ் கையை உயர்த்தினார். "நீங்க ஒண்ணும் சொல்லாதீங்க சார். சொன்னா குழப்பம். எல்லாம் நான் பாத்துக்கறேன்."

ஆடிட்டர் வைத்திருப்பதன் சுகமே இதுதான். நம் வருமானத்தைப் பற்றி நாம் வாயே திறக்க வேண்டியதில்லை. சற்று நேரத்தில் குத்தாலம் பிள்ளைகளின் டியூஷன் பணம் முழுவதும் குறுவையாகவும் சம்பாவாகவும் விளைந்து, மூட்டை பிடிக்கப்பட்டு, 'விவசாய வருமானம்' என்ற கட்டத்தில் இறங்கியது. சம்பளத்தில் பிடித்த வரியும் வேறு என்னென்னவோ கழிவுகளின் பெயரால் கரைந்துபோனது. ஒரு மாதத்தில் ரீஃபண்ட் வந்தது. சார் ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் அசோகா அல்வா வாங்கிக் கொடுத்தார். நெடுமாறன் எழுந்து கை குலுக்கினார்.

சார் சொல்ல வாயெடுத்து நின்றுபோன அந்தச் சம்பா சங்கதியை நாமாவது சொல்லிவிட வேண்டும். தை பிறக்கும் நேரத்தில், கதிர் முற்றி அறுப்புக்கு நின்ற பயிரின் மேல் மழை கொட்டியது. வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் வடியவில்லை. நெல் சாய்ந்து, முளைத்து, அழுகியது. கிராம நிர்வாக அலுவலர் பர்வின் சேதம் கணக்கெடுக்க வந்தபோது மனோகரன் சார் பல வருஷங்களுக்குப் பிறகு முதல்முறையாக வரப்பில் ஏறி, வேட்டியை மடித்துக் கட்டி, அழுகிய கதிரைக் கையில் பிடித்தபடி போட்டோவுக்கு நின்றார். அந்தப் படத்தில் அவர் முகத்தில் தெரிந்த துயரம் அசலானது. அன்றைக்குத்தான் புதுச் செருப்பு சேற்றில் போயிருந்தது.

அப்போது வீரையன் வந்து ஒன்று கேட்டான்.

"சார், இந்த வயல நாந்தான் சாகுபடி பண்றேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்தீங்கன்னா, நிவாரணம் என் பேருக்கு வந்துடுங்க."

"வீரையா, உனக்கும் எனக்கும் நடுவுல பேப்பர் எதுக்கு? பேப்பர்னு வந்துட்டா மனுஷனுக்கு மனுஷன் நம்பிக்கை போயிடும்" என்றார் சார்.

குத்தகையை எழுத்தில் கொடுத்தால் நிலமே கைவிட்டுப் போய்விடும் என்று அவர் அப்பா சொல்லிவிட்டுப் போனதை அவர் சொல்லவில்லை. பட்டா அவர் பெயரில் இருந்ததால் நிவாரணம் அவர் கணக்கில் வந்தது. மாசியில் வீரையன் வெளியில் விலைக்கு நெல் வாங்கி, பேசியபடி குத்தகை மூட்டைகளைக் கொண்டுவந்து இறக்கினான். சாரும் கல்நெஞ்சக்காரர் அல்ல. "ரெண்டு மூட்டை கொறச்சுக்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னார்.

ஆக, முழுகிப்போன அந்த ஒரே வயலில் நிவாரணம் ஒரு போகம், குத்தகை ஒரு போகம், ரீஃபண்ட் ஒரு போகம். ராஜராஜன் காலத்தில்கூட இப்படி விளைந்ததாகக் கல்வெட்டு இல்லை.

கார்த்திகை மாதம் வருமான வரித் துறையிலிருந்து செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. நீங்கள் காட்டியிருக்கும் விவசாய வருமானத்துக்கு ஆதாரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், தவறென்றால் கணக்கைத் திருத்திக்கொள்ளுங்கள், இல்லையேல் விசாரணை வரும் என்றது. சார் கணக்குப் போட்டுப் பார்த்தார். விசாரணை வந்தால் வங்கிக் கணக்கைப் பார்ப்பார்கள். அதில் நெல் வியாபாரிகள் யாரும் இல்லை. பிளஸ் டூ பிள்ளைகளின் அப்பாக்கள்தான் இருந்தார்கள். டியூஷன் வெளியே வந்தால் வேலை போகும்.

சூர்யபிரகாஷ் போனில் சிரித்தார். "இதுக்குப் போயி பயப்படலாமா சார்? நீங்க விவசாயி. எந்த வயல்ல என்ன வெளஞ்சுதுன்னு வி.ஏ.ஓ. ஆபீஸ்ல அடங்கல் எழுதுவாங்க. ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க, போதும்."

பர்வின் அடங்கலைத் திருப்பிப் படித்தார். "சம்பா. முழுச் சேதம். போட்டோவும் இருக்கு சார். நல்லா விழுந்திருக்கீங்க."

"அதுல கொஞ்சம் வெளஞ்ச மாதிரி மாத்த முடியாதாம்மா?"

"மாத்தலாம் சார். நிவாரணத்தைத் திருப்பிக் கட்டிடுங்க, தானா வெளஞ்சிடும்."

சார் வெளியே வந்து மறுபடியும் போன் போட்டார். 'ஆடிட்டர்' அசரவில்லை. "சரி, குத்தகைன்னு காட்டிடுவோம். குத்தகையும் விவசாய வருமானம்தான். நல்லா வெளஞ்சுது, பெருசா குத்தகை குடுத்தேன்னு அந்த ஆளுகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிடுங்க."

பத்திரத்தாளில் டைப் அடித்து எடுத்துக்கொண்டு சார் வயலுக்குப் போனார். வீரையனும் அவன் மனைவி எல்லையம்மாளும் களையெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"வீரையா, ஒரு வரி கேட்டியே, பக்கம் பூரா எழுதியே கொண்டாந்துட்டேன்!"

வீரையன் வாய்க்காலில் கை கழுவிக்கொண்டு வந்தான். எல்லையம்மாள் பிடுங்கிய களையோடு நின்றபடியே, "என்ன சார் எழுதியிருக்கு?" என்றாள்.

"போன சம்பாவுல இந்த வயல வீரையன்தான் சாகுபடி பண்ணினான். அமோகமா வெளஞ்சுது. குத்தகை குடுத்தான்."

"சாகுபடி பண்ணுனோம், நெசந்தான். குத்தகை குடுத்தோம், அதுவும் நெசந்தான். நடுவுல என்னமோ சொன்னீங்களே?"

"அது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

எல்லையம்மாள் புருஷனைப் பார்த்தாள். "அமோகமா வெளஞ்சுதாமே! அப்ப எங் காதுத் தோட்ட எதுக்குய்யா அடகு வச்சு நெல்லு வாங்கிக் குடுத்த?"

வீரையன் நிதானமாகச் சொன்னான். "கையெழுத்துப் போடறேன் சார். அந்த நடு வரிய மட்டும் அடிச்சிட்டு, முழுகிப் போச்சுன்னு எழுதிடுங்க. இதையே பர்வின் அம்மாகிட்ட காட்டினா நிவாரணம் எங்க பக்கம் வந்துடுமுல்ல?"

மனோகரன் சார் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "அட, உனக்கும் எனக்கும் நடுவுல பேப்பர் எதுக்கு வீரையா?" என்று சொல்லிவிட்டு வரப்பில் வேகமாக நடந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவருக்குள் அந்த மகத்தான மாற்றம் நிகழ்ந்தது. ஆடிட்டரைத் துறந்தார். மகளைக் கூப்பிட்டார்.

"நாமளே போட்டுடலாம்மா. உள்ளது உள்ளபடி."

ஜீவிதா லேப்டாப்பைத் திறந்தாள். நெல் மூட்டைகள் ஒவ்வொன்றாக மறுபடியும் டியூஷனாக மாறின.

"இது ஸ்கூலுக்குத் தெரிஞ்சிடாதே?"

"தெரியாதுப்பா. வரியும் அபராதமும் கட்டிட்டா முடிஞ்சுது." அவள் வங்கிக் கணக்கில் ஓர் இடத்தில் நின்றாள். "நிவாரணம்னு ஒண்ணு வந்திருக்கே. பயிர் முழுகினது வீரையன் அண்ணனுக்குத்தானே?"

"அதைப் பத்தி ஏதாவது நோட்டீஸ் வந்திருக்கா?"

"இல்லப்பா."

"அப்ப மேல போ."

உலையில் சோறு வேகும் முன்பே வேலை முடிந்தது. கடைசியில் வந்த உறுதிமொழியை, மேலே சொன்னதெல்லாம் சரியானது, முழுமையானது என்பதை, சார் எழுந்து நின்று தானே உரக்கப் படித்துச் சம்மதம் கொடுத்தார். அவர் மனைவி பிரகதீஸ்வரி அம்மாள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னங்க, தேசிய கீதமா?" என்று கேட்டாள்.

இப்போது ஸ்டாஃப் ரூமில் மனோகரன் சார் ஆடிட்டர்களைப் பற்றிப் பேசினாலே முகம் சுளிக்கிறார். "அடுத்தவங்க காசு நமக்கு எதுக்குங்க? என் கணக்க நானேதான் போடறேன்" என்கிறார். நெடுமாறன் உள்பட எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்கிறார்கள். குடியரசு தின விழாவில் தலைமையாசிரியர் அவருக்குச் சால்வை போர்த்தி, நேர்மையின் சிகரம் என்று பாராட்டினார். பாராட்டு முற்றிலும் பொருத்தமானது. நோட்டீஸ் வந்துவிட்டால் போதும், அடுத்தவர் பணத்தை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ள மாட்டார் மனோகரன் சார். வீரையன்தான் இன்னும் நோட்டீஸ் அனுப்பாமல் இருக்கிறான்.